திரும்பும் நேரம்

எரிமலைக் குழம்பு ஓடி
மேலே இறுகி, உள்ளே வடிந்து
குழாயாய் நின்ற குகையைத்தான் முதலில் கேட்டேன்.
சேர்வராயனில் அது கிடையாது என்றார் எட்வின்.
"இது அடியாழத்தில் வெந்த பாறை மேடம்.
இங்கே குகை என்றால்
பாறையும் பாறையும் சாய்ந்துகொண்டதில்
மிஞ்சிய இடைவெளி."
சரி, இடைவெளிக்கே போவோம்.

மொட்டைமாடியில் பழைய பல்துலக்கியால்
பூட்ஸைத் தேய்க்கிறேன்.
ஒரு குகையின் மண்ணை
இன்னொரு குகைக்குக் கொண்டுபோகக் கூடாதாம்.
போன டிசம்பரின் கர்நூல் சேறு
டெட்டால் தண்ணீரில் கரைந்து
அஸ்தம்பட்டிச் சாக்கடையில் சேர்கிறது.

தலைக்கு மூன்று விளக்கு.
"மூணாவது எதுக்கு?" என்றார் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்.
முதல் இரண்டும் அணைந்தால், என்றேன்.
"அந்த நேரத்துல அது கைக்கு அகப்படாதே" என்றார்,
அனுபவித்தவர் போல.

தட்டுவடை செட் வாங்கிக்கொள்ளலாமா என்றான் சுதாகர்.
நொறுங்கும். ஒரு துணுக்குக்கு எறும்பு வரும்.
வெளியிலேயே தின்றுவிட்டுப் போவதென்று முடிவு.
பாறையில் சுண்ணாம்பால் அம்புக்குறி?
"வேண்டாம். அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கிட்டே போ" என்றார் எட்வின்.
"போகும்போது பார்த்த பாறை
வரும்போது வேற முகம் காட்டும்."

பிறகு அந்தத் தாள்.
பெயர், வயது, ரத்த வகை.
திரும்பும் நேரம்.
திரும்பாவிட்டால் தேடச் சொல்ல வேண்டியவர்.

பதினெட்டு வருடமாக ஜங்ஷனில் முன்பதிவுக் கவுண்டர்.
ஒரு கட்டம் விடுபட்டாலும்
"நிரப்பிட்டு வாங்க" என்று
கண்ணாடிக்கு வெளியே தள்ளுகிற கை இது.
அக்கா மஸ்கட்டில்.
கீழ்வீட்டுக்காரர் எட்டு மணிக்குத் தூங்கிவிடுவார்.
விவாகரத்துத் தீர்ப்பில் இருக்கிற பெயரை
இதில் எழுத முடியாது.

பக்கத்துக் கவுண்டர் பிரமிளா.
பொங்கல் விடுமுறைப் பட்டியலில் தொடங்கிய சண்டை,
இரண்டு வருடம்.
ஸ்டேப்ளர் வேண்டுமென்றாலும்
மூன்றாம் ஆள் வழியாகத்தான்.

மதியம் இரண்டு, ஷிஃப்ட் மாறும் நேரம்.
தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.
முழுவதும் படித்தாள்.
"ஆறா, ஆறேகாலா?"
"நாகலூர் வந்தாத்தான் டவர் கிடைக்கும். ஆறேகால்."
"அதுக்கு மேல ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டேன்.
போலீஸ், ஃபயர் சர்வீஸ், எல்லாரையும் கூப்பிட்டுருவேன்."
மிரட்டல் போலத்தான் சொன்னாள்.

வெள்ளி இரவு சடையன் போன் செய்தார்.
குகை வாய் அவர் மிளகுத் தோட்டத்து வேலியோரம்.
"வவ்வால் குட்டி போட்டிருக்குதுங்க.
வெளிச்சம் பட்டா தாய் பதறிப் பறக்கும்.
குட்டி கீழ விழுந்தா மறுபடி ஏறாதுங்க.
ஐப்பசியில உள்ள தண்ணி நிக்கும்.
தையில வாங்க."

வாசல் வரையாவது என்றான் சுதாகர்.
எட்வின் பதில் சொல்லவில்லை.
சுருட்டி ஆணியில் மாட்டிய கயிற்றை
ஒரு படம் எடுத்து அனுப்பினார்.
நான் மூன்று விளக்கிலிருந்தும் பேட்டரியைக் கழற்றினேன்.
மலையில் இந்நேரம்
ஆயிரம் தாய்கள் இரை தேடப் போயிருக்கும்.
அவை திரும்பும் நேரத்தை
யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

திங்கள் காலை தாளைத் திருப்பிக் கேட்டேன்.
மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள்.
உருவி எடுத்து
தேதியை மட்டும் அடித்தாள்.
"தையில எந்த ஞாயிறு?"

ஜன்னலுக்கு வெளியே ஒருவர்
ஈரோடு வழியா கரூர் வழியா என்று
கேட்டுக்கொண்டே இருந்தார்.
கொஞ்ச நேரம்
இருவருமே அவருக்குப் பதில் சொல்லவில்லை.